'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை டில்லின் கையைப் பிடித்துக்கொண்டு படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதல் தடவை இந்த நாவலை எடுத்தபோது நான் நாற்பது பக்கம் தாண்டவில்லை. கொடுத்தவர், "பெரிய கோர்ட் கதை, வக்கீல் வாதாடுகிற இடத்தைப் பார்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் வக்கீல் எப்போது எழுந்து நிற்பார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்திருக்கிற வழியாக இல்லை. மூன்று பிள்ளைகள் பழைய டயரை வைத்து உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூடி வைத்துவிட்டேன்.

சில வருஷம் கழித்துத் திரும்ப எடுத்தபோதுதான் ஆரம்பத்திலேயே இருந்த ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அண்ணன் ஜெம்முக்குக் கை முறிந்தது எப்படி என்று சொல்ல வருகிறாள் தங்கை ஸ்கௌட். இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பின்னால் கோர்ட் வழக்கைக் கிளப்பும் யூவல் குடும்பத்தால் வந்தது என்கிறாள் அவள். இல்லை, டில் முதன்முதலாக நம் ஊருக்கு வந்த கோடையிலேயே ஆரம்பித்துவிட்டது என்கிறான் அவன். நான் அண்ணன் கட்சி. டில் என்கிற அந்தக் குட்டிப் பையனைத் தொடர்ந்து போனால் நாவல் தானாகத் திறக்கும். கீழே இருப்பது அப்படிப் படிப்பதற்கான வழி.

ஹார்ப்பர் லீ எழுதிய இந்த நாவல் 1960 ஜூலையில் வெளிவந்து, அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு வாங்கியது. மொத்தம் 31 அத்தியாயங்கள். கோர்ட் விசாரணை 16ஆம் அத்தியாயத்தின் கடைசியில் தொடங்கி 21இல் முடிந்துவிடுகிறது. மீதி இருபத்தைந்து அத்தியாயமும் தெரு, பள்ளிக்கூடம், திண்ணை, மரப்பொந்து. என்னைப் போல விசாரணைக்காகக் காத்திருப்பவர்கள் பாதியில் சோர்ந்துபோவதில் ஆச்சரியம் இல்லை.

1. படிக்கத் தொடங்கும் முன் ஒரு தெருவை வரையுங்கள்

ஒரு தாளும் பென்சிலும் போதும். தாளின் நடுவில் ஒரு வீடு போடுங்கள். அது ஃபின்ச் வீடு. ஸ்கௌட், ஜெம், அவர்கள் அப்பாவான வக்கீல் அட்டிகஸ், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பினப் பெண்மணி கல்பூர்னியா ஆகிய நால்வரையும் அங்கே பார்ப்பீர்கள். அடுத்த வீடு ரேச்சல் அம்மையாருடையது. டில் கோடைக்கு வந்து தங்குவது அங்கேதான். எதிர்ப்பக்கம் மிஸ் மாடி, எந்நேரமும் தோட்டத்தில் இருப்பவர். வடக்கே இரண்டு வீடு தள்ளி திருமதி துபோஸ். தெற்கே மூன்று வீடு தள்ளி ராட்லி வீடு.

வடக்கே துபோஸ், தெற்கே ராட்லி: பிள்ளைகளுக்குக் கோடையில் போட்ட எல்லை அதுதான். கல்பூர்னியா கூப்பிட்டால் காதில் விழுகிற தூரம். முதல் பதினொரு அத்தியாயத்தில் நடப்பதில் பெரும்பகுதி இந்தக் கோட்டுக்குள் அல்லது கோட்டை மீறுவதில்தான் நடக்கிறது. இந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள், கடைசியில் திரும்ப வேண்டியிருக்கும்.

ராட்லி வீட்டுக்குள் வருஷக்கணக்காக வெளியே வராமல் இருப்பவரை ஊர்ப் பிள்ளைகள் 'பூ' என்று அழைக்கிறார்கள். தமிழில் எழுதினால் மல்லிகைப்பூ மாதிரி ஆகிவிடுகிறது, என்ன செய்ய! இருட்டில் கதவுக்குப் பின்னாலிருந்து குதித்து "பே!" என்று கத்துவோமே, அந்தச் சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஊரையும் காலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்

மேகோம் என்பது கற்பனை ஊர். அமெரிக்காவின் தென்கோடியில் அலபாமா மாநிலத்தில், லீ பிறந்து வளர்ந்த மன்ரோவில் என்ற சிற்றூரின் சாயலில் கட்டியது. கதை நடப்பது 1933இலிருந்து 1935 வரை. பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். யார் கையிலும் காசு இல்லை. வால்டர் கன்னிங்ஹாம் என்ற விவசாயி வக்கீல் ஃபீஸுக்குப் பதிலாக விறகும், ஒரு சாக்கு ஹிக்கரிக் கொட்டையும், கீரையும் கொண்டுவந்து பின்வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். இந்த ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி சிறைச்சாலை வாசலில் மறுபடியும் பார்ப்பீர்கள்.

அதே அலபாமாவில் 1931 மார்ச்சில் சரக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது இரண்டு வெள்ளைப் பெண்கள் பாலியல் குற்றம் சாட்டினார்கள். முழுக்க வெள்ளையர்களே உட்கார்ந்திருந்த ஜூரி, சில நாட்களுக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனைக்கு வழி செய்தது. ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று பெயர். குற்றம் சாட்டியவர்களில் ஒருத்தி 1933இல், தான் சொன்னது பொய் என்று கோர்ட்டிலேயே ஒத்துக்கொண்டாள். நாவலில் டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞன்மீது இதே மாதிரி வரும் வழக்கை, அட்டிகஸ் அவனுக்காக வாதாடும் வழக்கைப் படிக்கும்போது, 'இப்படியும் நடக்குமா' என்று கேட்காமலிருக்க இது போதும்.

சில சொற்கள் தடுக்கும். காலர்ட் என்பது பெரிய இலை உள்ள ஒரு கீரை. ஷிஃபரோப் என்பது துணி தொங்கவிடும் பீரோவும் இழுப்பறைகளும் ஒன்றாகச் சேர்ந்த மரச்சாமான். வழக்கில் அது முக்கியம். காட்டன் ஜின் என்றதும் பாட்டிலை நினைக்காதீர்கள். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் மெஷின், நம் ஊர் ஜின்னிங் ஃபேக்டரியில் ஓடுவது. டாம் சிறுவனாக இருக்கும்போது அதில்தான் அவன் இடது கை மாட்டிக்கொண்டது.

இன்னொன்று. பிள்ளைகள் அப்பாவை "அட்டிகஸ்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நமக்கு முதலில் சுருக்கென்று இருக்கும். அந்த ஊருக்கே அது வழக்கமில்லாத விஷயம்தான். அதே பிள்ளைகள் அதே அப்பாவிடம் "சார்" போட்டும் பேசுவார்கள். தாய் இல்லாத வீட்டில், ஐம்பதை நெருங்கும் தகப்பன் தன் பிள்ளைகளைச் சின்ன வயதுப் பெரியவர்களாக நடத்துகிறார் என்பது அந்த ஒரே சொல்லில் தெரிந்துவிடுகிறது.

3. யார் பேசுவது என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

கதை தொடங்கும்போது ஸ்கௌட்டுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. ஆனால் சொல்பவள் வளர்ந்த பெண். கண் சின்னப் பிள்ளையுடையது, வாக்கியம் பெரியவளுடையது. இரண்டும் ஒரே பத்தியில் கலந்து வரும். ஸ்கௌட் பார்த்துவிட்டு அர்த்தம் புரியாமல் கடந்துபோகிற இடங்களில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.

சிறைச்சாலை வாசல் காட்சியில் பழகிக்கொள்ளலாம். டாமை இழுத்துக்கொண்டு போக ஆட்கள் கூட்டமாக வந்து நிற்கிறார்கள். அட்டிகஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஸ்கௌட், அவருடைய நிலச் சிக்கல் எந்த நிலையில் இருக்கிறது, மகன் எப்படியிருக்கிறான் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். தெருவில் மாமாவைப் பார்த்தால் கேட்பது மாதிரி. நமக்கு உள்ளங்கை வேர்க்கிறது. அவளுக்கோ, எல்லோரும் ஏன் வாயை மூடிக்கொண்டு தன்னையே பார்க்கிறார்கள் என்ற வெட்கம்.

4. அத்தியாயங்களாகப் பிரிக்காமல் மூன்று கோடைகளாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள். புத்தகம் தன்னை இரண்டு பாகமாகப் பிரித்துக்கொள்கிறது. அதை மறந்துவிட்டு டில் வருவதையும் போவதையும் வைத்துப் பிரியுங்கள்.

முதல் கோடை, 1933. பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியில் ஏதோ சத்தம். நாய்க்குட்டி என்று எட்டிப் பார்த்தால் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். பாத்தியைவிடக் கொஞ்சம்தான் உயரம். கேட்காமலேயே முழுப் பெயரைச் சொல்லிவிட்டு, தனக்குப் படிக்கத் தெரியும் என்றும் அறிவிக்கிறான். மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் ஊரிலிருந்து கோடைக்கு அத்தை வீட்டில் விட்டிருக்கிறார்கள். டிராகுலா படம் பார்த்தவன் என்று தெரிந்ததும் ஜெம்மின் அலட்சியம் பறந்துவிடுகிறது. அப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் டில்லின் பதில் வழுக்கும். அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். பூவை வெளியே வரவழைக்க வேண்டும் என்ற யோசனையைக் கிளப்பியவன் அவன்தான்.

இரண்டாம் கோடை, 1934. நட்பில் நடக்கிற சின்னத் துரோகங்களுக்கு இந்தப் பகுதியைப் போல ஒன்றை நான் படித்ததில்லை. டில் ஸ்கௌட்டைக் கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் அவளை மறந்தே போகிறான். அவள் இரண்டு தடவை அடித்துப் பார்க்கிறாள். பலனில்லை, அவன் ஜெம்மோடு இன்னும் ஒட்டிக்கொள்கிறான். பையன்கள் மர வீட்டில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்க, இவள் சாயங்காலங்களில் எதிர்வீட்டு மிஸ் மாடியின் திண்ணையில் போய் உட்கார்கிறாள். மூன்று பேர் கூட்டாளியாக இருந்தால் மூன்றாவது ஆள் யார் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். அண்ணனோடும் அண்ணன் சிநேகிதனோடும் வளர்ந்த எவளுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கோடையின் கடைசி ராத்திரியில் ராட்லி வேலியில் ஜெம்மின் கால்சட்டை மாட்டிக்கொள்ளும் கூத்தைப் படிக்கும்போது, பெரியவர்களிடம் டில் கண்ணிமைக்காமல் அவிழ்த்துவிடும் பொய்யையும் கவனியுங்கள். பயத்தில் மற்ற இருவருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டபோது காப்பாற்றியது அவன் கற்பனைதான்.

இதற்கும் அடுத்த கோடைக்கும் நடுவில் டில் இல்லாத மாதங்கள். மரப்பொந்தின் கதை பெரும்பாலும் இப்போது நடக்கிறது. ராட்லி வீட்டு ஓரத்தில் நிற்கும் ஓக் மரப்பொந்தில் யாரோ பொருள் வைக்கிறார்கள். முதலில் இரண்டு சூயிங் கம், அப்புறம் பழைய ஒரு சென்ட் நாணயங்கள் இரண்டு, ஒரு நூல்கண்டு, சோப்பில் செதுக்கிய இரண்டு பொம்மைகள், ஒரு பழைய பதக்கம், ஓடாத பாக்கெட் வாட்ச். சோப்பு பொம்மைகளில் ஒன்று பையன், ஒன்று பெண். பையன் நெற்றியில் முடி விழுந்திருக்கிறது, ஜெம்முக்கு விழுவது போல. பிறகு ஒரு நாள் பொந்தைச் சிமென்ட் வைத்துப் பூசிவிடுகிறார்கள். மரம் சாகப்போகிறது என்று காரணம் சொல்கிறார் பூவின் அண்ணன். அட்டிகஸைக் கேட்டால், மரத்துக்கு ஒன்றுமில்லை என்கிறார். அன்றைக்கு ஜெம் இருட்டும் வரை வாசலிலேயே நின்றுவிட்டு உள்ளே வருகிறான். அவன் அழுதிருக்கிறான் என்பது முகத்து அழுக்கை வைத்து ஸ்கௌட்டுக்குத் தெரிகிறது. சத்தம் மட்டும் அவள் காதில் விழவே இல்லை. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தது அன்றோடு முடிந்தது என்று என் பிரதியின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் கோடை, 1935. டில் வரவில்லை. புது அப்பா கிடைத்திருக்கிறார், அவரோடு படகு செய்யப் போகிறேன் என்று கடிதம் மட்டும் வருகிறது. பிறகு ஒரு ராத்திரி, ஸ்கௌட் இருட்டில் எதையோ மிதித்துவிட்டுப் பாம்போ என்று பயந்து ஜெம்மைக் கூப்பிடுகிறாள். கட்டிலுக்கு அடியில் பசியும் அழுக்குமாக டில். வீட்டைவிட்டு ஓடி வந்திருக்கிறான். சங்கிலியில் கட்டிப் போட்டார்கள், சர்க்கஸில் சேர்ந்தேன் என்று முதலில் ஒரு பெரிய கதை. எல்லோரும் தூங்கியபின் உண்மை வருகிறது. யாரும் அடிக்கவில்லை, கேட்டதெல்லாம் வாங்கித் தருகிறார்கள். வாங்கிக் கொடுத்துவிட்டு, எடுத்துக்கொண்டு போய் விளையாடு என்கிறார்கள். தான் பக்கத்தில் இல்லாதபோது அவர்கள் இன்னும் சந்தோஷமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்கௌட்டுக்கு இது புரியவில்லை. தன் வீட்டில் தான் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது என்று நம்புகிறவள் அவள். அப்புறம் பேச்சு வாக்கில் கேட்கிறாள்: பூ ஏன் அந்த வீட்டைவிட்டு ஓடவே இல்லை? ஓடிப்போக அவருக்கு இடம் இல்லையோ என்னவோ என்கிறான் டில்.

இந்த 14ஆம் அத்தியாயத்தை மெதுவாக, முடிந்தால் இரண்டு தடவை படியுங்கள்.

5. இங்கே நிறுத்தி, நிஜ டில்லைச் சந்தித்துவிட்டு வாருங்கள்

டில் வெறும் கற்பனை இல்லை. 1924இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ஒரு பையனை, பெற்றோர் மணவாழ்க்கை உடைந்துகொண்டிருந்த காலத்தில் மன்ரோவில்லில் தாய்வழி உறவினர்களிடம் விட்டார்கள். அடுத்த வீட்டில் லீ குடும்பம். அந்த வீட்டுக் கடைசிப் பெண் அவனைவிட ஒன்றரை வயது சின்னவள், பாட்டி எல்லன் பெயரைத் திருப்பிப்போட்டு நெல் என்று பெயர் வைத்திருந்தார்கள். கீச்சுக் குரலும் நலுங்காத சட்டையுமாகத் திரிந்த பையனை மற்றவர்கள் சீண்டினால் சண்டைக்குப் போனவள் அவள். வக்கீலாக இருந்த அவள் அப்பா கொடுத்த பழைய டைப்ரைட்டரில் இருவரும் கதை அடித்துப் பழகினார்கள். பையன் பிறகு நியூயார்க் போனான். தாயின் இரண்டாவது கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டு ட்ரூமன் கபோட்டி ஆனான்.

கபோட்டி 1948இல் வந்த தன் முதல் நாவலில் நெல்லை ஒரு முரட்டுப் பெண்ணாக வைத்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து நெல், அதாவது ஹார்ப்பர் லீ, அவரை டில்லாக வைத்தார். நடுவில் 1956 கிறிஸ்துமஸுக்கு நியூயார்க் நண்பர்களான பிரவுன் தம்பதி, வேலையை விட்டு ஒரு வருஷம் எழுது என்று லீக்குப் பணம் கொடுத்தார்கள். இந்த நாவலுக்குப் பின்னால் இன்னொரு நட்பும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

1959 கடைசியில் கன்சாஸில் ஒரு குடும்பமே கொல்லப்பட்ட வழக்கைப் பற்றி எழுத கபோட்டி கிளம்பியபோது கூடப் போனவர் லீ. தயங்கிய ஊர்க்காரர்களைப் பேச வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு. புத்தகம் வந்தபோது சமர்ப்பணத்தில் இன்னொரு பெயரோடு அவர் பெயரும் இருந்தது.  நாளடைவில் இருவரும் விலகிப்போனார்கள். கபோட்டி 1984இல் இறந்தார், லீ 2016இல். இதைத் தெரிந்துகொண்டு கட்டிலடிக் காட்சிக்குத் திரும்பிப் போனால், அந்தப் பையன் சொல்லும் பொய்களைக் கேட்டுச் சிரிப்பு வராது.

6. கோர்ட்டில் வக்கீலைப் பார்க்காதீர்கள், பால்கனியைப் பாருங்கள்

கீழே இடமில்லாமல், கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய மேல்மாடத்தில் பிள்ளைகள் உட்கார்கிறார்கள். பாதிரியார் சைக்ஸ் கூட்டிப் போகிறார். முன்வரிசையில் இருந்த நாலு பேர் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். அட்டிகஸின் வாதம் நன்றாகத்தான் இருக்கும், அது தானாகக் காதில் விழும். உங்கள் கண் மூன்று முகங்கள்மீது இருக்கட்டும்.

எதிர்த்தரப்பு வக்கீல் டாமைக் குறுக்கு விசாரணை செய்யும்போது டில் தேம்பி அழ ஆரம்பிக்கிறான். தீர்ப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கேள்விகள் அல்ல, அவர் பேசும் விதம், அந்த இளக்காரம் அவனுக்குத் தாங்கவில்லை. ஸ்கௌட் அவனை வெளியே கூட்டிப்போய்ச் சமாதானம் சொல்கிறாள்: எதிர்த்தரப்பு வக்கீல் என்றால் அப்படித்தான் பேசுவார், அதோடு டாம் ஒரு நீக்ரோதானே. இதை அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுடைய ஆறு வயதிலிருந்து நாம் நேசித்துக்கொண்டு வந்த பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது. நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்தது இங்கேதான்.

ஜெம் சட்டத்தை நம்புகிறான், ஆகவே தீர்ப்பு வந்தபின் உடைகிறான். டில்லுக்குத் தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. மறுநாள் அவன், பெரியவனானதும் சர்க்கஸ் கோமாளி ஆகப்போவதாகச் சொல்கிறான். ஜனங்களைச் சிரிக்க வைக்கிற கோமாளி இல்லை. நடுவில் நின்று ஜனங்களைப் பார்த்துத் தான் சிரிக்கிற கோமாளி.

7. நாவலோடு சண்டையும் போடுங்கள்

இதைக் கோவில் விக்கிரகம் மாதிரி வைத்துக் கும்பிட வேண்டியதில்லை. கறுப்பின மக்களின் வேதனையை ஒரு வெள்ளை வக்கீலின் பெருமையாக மாற்றிவிட்டது என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. இனவசைச் சொல்லும் நிறைய வரும். பதின்வயதுப் பிள்ளைகளோடு படிப்பதாக இருந்தால் முதலிலேயே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். 2017இல் மிசிசிப்பியின் பிலாக்ஸியில் இந்தச் சொற்களின் காரணமாகவே நாவலை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. மூன்று கோடை முழுக்க விளையாடுகிற இந்தக் கூட்டத்தில் ஒரு கறுப்பினக் குழந்தைகூடக் கிடையாது. கல்பூர்னியாவுக்கு என்று ஒரு குடும்பமும் வாழ்க்கையும் இருப்பதே, அவள் தன் சர்ச்சுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் 12ஆம் அத்தியாயத்தில்தான் ஸ்கௌட்டுக்கு உறைக்கிறது. அங்கே அவள் பேசும் ஆங்கிலமே வேறு. உங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று ஸ்கௌட் கேட்கிறாள், தாராளமாக வா என்கிறாள் கல்பூர்னியா. நாவல் முடியும் வரை அந்த வீட்டுக்குள் நாம் போவதில்லை.

8. சினிமாவைத் தள்ளிவையுங்கள்

1962 படம் நல்ல படம். கிரெகரி பெக்குக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது, பூவாக ராபர்ட் டுவால் முதன்முதலாகத் திரையில் வந்ததும் இதில்தான். ஆனால் அது அப்பாவின் படம். அத்தை அலெக்சாண்ட்ரா இல்லை, கல்பூர்னியாவின் சர்ச் இல்லை. முதலில் அதைப் பார்த்துவிட்டால் புத்தகத்திலும் பெக்கின் குரல்தான் கேட்கும், டில் ஓரத்துக்குப் போய்விடுவான்.

9. கடைசி அத்தியாயத்துக்கு முன் அந்தத் தாளை எடுங்கள்

அக்டோபர் ராத்திரியில் நடக்கும் முக்கியமான சம்பவத்தின்போது டில் ஊரில் இல்லை. பூவைப் பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கிளப்பிவிட்டவன் மெரிடியனுக்குத் திரும்பிப் போய்விட்டான். என்ன நடந்தது என்று அவனுக்கு யார் எப்போது சொன்னார்கள் என்பதை நாவல் காட்டவில்லை.

31ஆம் அத்தியாயத்தில் ஸ்கௌட் முதன்முதலாக ராட்லி வீட்டுத் திண்ணையில் நிற்கிறாள். நீங்கள் வரைந்த தெருவைத் தலைகீழாகத் திருப்பிவைத்துக்கொண்டு படியுங்கள். இப்போது ராட்லி வீடு உங்கள் பக்கம், ஃபின்ச் வீடு தூரத்தில். மிஸ் மாடி வீடு, ரேச்சல் அம்மையார் வீடு, துபோஸ் வீடு எல்லாம் அவள் அங்கிருந்து எண்ணுகிறாள். அந்த ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒருவர் இத்தனை வருஷம் பார்த்திருக்கக்கூடியதை, பருவம் பருவமாக மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறாள். தூண்டில் கம்பை இழுத்துக்கொண்டு நடக்கும் ஒரு பையன். முன்வாசலில் ஏதோ நாடகம் போடும் பிள்ளைகள், அவர்களோடு அவர்களுடைய சிநேகிதன். டில் என்ற பெயர் அங்கே வராது. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தவருக்கு அவன் பெயர் தெரிந்திருக்குமா என்ன?